இரண்டெழுத்துப் பிழை

“எதுக்கு வந்தீங்கன்னு அதிகாரி கேட்டா என்னம்மா சொல்லணும்?” வெளிநாட்டிலிருந்த மகன் போனில் கேட்டான்.

“பேரனைப் பார்த்துக்க வந்தேன்.”

“ஐயோ அம்மா, பார்க்க வந்தேன்னு சொல்லு. பார்த்துக்கன்னா அது ஆயா வேலை. டூரிஸ்ட் விசாவுல வேலை செய்யக் கூடாதுன்னு அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.”

“நான் பார்த்துக்கத்தானேப்பா வர்றேன்?”

“அது நமக்குள்ள. நீ வரலேன்னா உன் மருமக எப்படி வேலைக்குப் போவா? சமையலும் துணிமணியும் வேற இருக்கு. அதைப் பத்தி மூச்சு விடாதே.”

பாடம் தினமும் நடந்தது. பெற்றவளிடம் இத்தனை அக்கறையாக அவன் பேசி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு முறையும் அவள் அதே இடத்தில் தப்பு விட்டாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு திருத்தினான்.

அந்த நாட்டு விமான நிலையத்தில், அதிகாரியின் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“எதுக்கு வந்திருக்கீங்கம்மா?”

“பேரனைப் பார்த்துக்க,” என்றாள். “கூடவே சமையலும் துணிமணியும்” என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த பிளேனிலேயே ஊர் திரும்பியவளை அழைத்துப்போகத் தங்கை வந்திருந்தாள்.

“உன் பிள்ளை போன்ல புலம்பறான். வெறும் ரெண்டெழுத்து. அதைப் போய் இப்படித் தப்பாச் சொல்லிட்டியேக்கா.”

பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு அக்கா நிதானமாகச் சொன்னாள்.

“ஆயுசு பூரா அச்சாபீஸ்ல பிழை திருத்தினவடி நான். எங்கே பிழை விடணும்னு எனக்குத் தெரியாதா?”