எதிர்ச்சுற்று

மச்சானைக் காணோம்.

குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குட்டிக்காட்டில், பாதை ஒடுங்கி ஒரே ஆள் போகிற அளவுக்கு ஆகும் இடத்தில் தலைமைப் பொறியாளர் நின்றார். ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் 'முன்னாள்' என்று சேர்த்துச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

தினமும் காலையில் இந்த இடத்தில்தான் மச்சான் எதிரே வருவான். இவர் வானத்தைப் பார்ப்பார். அவன் தரையைப் பார்ப்பான். தோளோடு தோள் உரச, ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாத மாதிரி கடந்துபோவார்கள்.

பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஓய்வு விழாவில், 'எனது பணிக்காலமும் பாலங்களும்' என்று இவர் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் மனைவியின் தம்பி தூங்கிவிட்டான். மெத்தைக் கடைக்காரன், தொழில் பழக்கம் என்று விட்டிருக்கலாம். ஆனால் குறட்டையும் விட்டான். பக்கத்தில் மைக் இருந்தது. அந்த நீண்ட உரையில் கைதட்டல் விழுந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குப் பிறகு நடைப்பயிற்சிக்கும் பாகப்பிரிவினை தேவைப்பட்டது. இருவருக்கும் ஒரே தெருவில் வீடு. நடக்க இருப்பதும் ஒரே வட்டப்பாதை. கேட்டில் ஆரம்பித்துக் காடு, காட்டைத் தாண்டினால் சின்னப் பாலம், பாலத்திலிருந்து கால்வாய்க் கரையோடு மறுபடியும் கேட்.

"நீங்க காட்டுப் பக்கமாப் போங்க, அவன் கால்வாய்ப் பக்கமாப் போகட்டும். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேண்டாம்" என்று தீர்ப்பு சொன்னாள் மனைவி.

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, சிறப்பான ஏற்பாடு என்று ஒப்புதல் அளித்தார்.

வட்டத்தில் எதிரெதிராகப் புறப்படும் இருவர் நடுவழியில் முட்டிக்கொண்டே தீர வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆனால் ஒப்புதல் அளித்த திட்டத்தில் தப்பு இருப்பதாகச் சொல்லும் வழக்கம் அவர் துறையில் கிடையாது. மச்சானும் ஏனோ வாயைத் திறக்கவில்லை.

ஆக, மூஞ்சியில் முழிக்கவே கூடாது என்று இருந்தவர்கள் ஒரு நாள் விடாமல் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு இல்லை.

ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்தார். அது லேஸ் இல்லாத, பட்டை வைத்து ஒட்டுகிற ஷூ. பட்டையைப் பிரித்து ஒட்டினார். மறுபடியும் பிரித்து ஒட்டினார். ஒரு நாய்கூட வரவில்லை.

தூங்கியிருப்பான், வேறென்ன தெரியும் அவனுக்கு என்று சொல்லிக்கொண்டு நடந்தார். ஆனால் புறப்படும்போது அவன் வாசலில் ஷூ இல்லாததைப் பார்த்திருந்தார். பேச்சுதான் இல்லை. கண்காணிப்பு உண்டு.

அப்படியென்றால் கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறான். போனவன் வரவில்லை.

மச்சானுக்குச் சர்க்கரை. நீச்சல் தெரியாது. கரையில் தடுப்புக் கம்பியும் இல்லை. தடுப்புக் கம்பி வேண்டும் என்று குடியிருப்பு மக்கள் ஒருமுறை மனு கொடுத்தார்கள். 'அவசியம் எழவில்லை' என்று திருப்பி அனுப்பிய அதிகாரியைத் தலைமைப் பொறியாளருக்கு நன்றாகவே தெரியும். தினமும் அவருக்குத்தான் இவர் சவரம் செய்துவிடுகிறார்.

பாலத்தைத் தாண்டியதும் தண்ணீரில் நீலமாக ஏதோ மிதப்பது தெரிந்தது.

மச்சானின் தொப்பி நீலம்.

கரையின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார். காற்று புகுந்து உப்பிய பிளாஸ்டிக் பை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொப்பி இல்லைதான், ஆனால் ஆளையும் காணோம்.

பணிக்காலம் முழுவதும் பிறரை ஓடவிட்டவர், அப்போது தாமே ஓட ஆரம்பித்தார். தொப்பை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். "டேய்! டேய் மச்சான்!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார்.

"அத்தான், நில்லுங்க! என்னால முடியல!"

குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். மச்சான் முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ள நின்றான். உலர்ந்து, முழுசாக, தலையில் தொப்பியோடு.

தலைமைப் பொறியாளருக்குள் இவ்வளவு நேரம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று அவிழ்ந்தது. அது அழுகையாக வெளியே வருவதற்குள் அதட்டலாக மாற்றிக்கொண்டார்.

"எதிர்ப்பக்கமால்லடா நீ வரணும்? பேச்சுன்னா பேச்சா இருக்க வேண்டாமா?"

"கேட்லேர்ந்தே உங்க பின்னாலதான் வர்றேன். நீங்க நின்னா மரத்து மறைவுல நிக்கிறேன், நடந்தா நடக்கிறேன். இப்படி ஓடுவீங்கன்னு கண்டேனா?"

"எதுக்குடா பின்னால?"

மச்சான் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான். இவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நேத்து என்னைத் தாண்டிப் போனதும், நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு அப்படியே மரத்தடியில உக்காந்துட்டீங்களே."

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போயிருந்தார்.

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்ப்பான் என்று யார் நினைப்பார்கள்?

கால்வாய் சத்தமில்லாமல் ஓடியது. தலைமைப் பொறியாளர் கரையோரக் கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். மச்சானும் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டாக்டர்கிட்ட போகணும். நீயும் வா" என்றார் கடைசியில். "உங்கக்கா கேட்டா, உன் சர்க்கரைக்குப் போனோம்னு சொல்லிக்கலாம்."