நிமிஷக் கணக்கு

“காசு ஓடுதும்மா, வைக்கிறேன்.”

மகனின் குரல் அத்தோடு அறுந்தது. வேலாயி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “எங்காசு போகுதேன்னு அவனுக்குத்தான் எவ்வளவு கவல, பாத்தீங்களா மொதலாளி,” என்றாள்.

நஸார் தலையாட்டினார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, படியேறிப் போகும் ஒரு சின்ன அறையில் இன்டர்நெட் கடை நடத்துபவர் அவர். ஞாயிறு தவறாமல் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் வேலாயிக்கு, இத்தாலியில் இருக்கும் மகன் லோகநாதனோடு பேச லைன் எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

“இன்னைக்காவது சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“எங்கங்க? லயத்து வீட்டுல தகரம் ஒழுகுனத சொல்லி முடிக்கறதுக்குள்ள நேரம் போயிருச்சு. வயித்துல கட்டி இருக்கு, கண்டியில ஒப்பரேசன் செய்யணுமாம்னு அவசரத்துல சொல்ற சங்கதியா அது? பயந்துருவான். பக்குவமா சொல்லணும்.”

பக்குவமாகச் சொல்ல நேரம் வேண்டும். அந்தக் கடையில் நேரத்துக்குத்தான் விலை. டெலிபோன் லைனில் ஓடும் இன்டர்நெட்டுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் பில் ஏறும். கொழும்பில் மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று வந்து வருஷக்கணக்காகிவிட்டது. மலைக்கு மட்டும் அது ஏறி வரவில்லை. நஸார் டெலிபோன் கம்பனிக் கிளையில் போய்க் கேட்கும்போதெல்லாம் அதிகாரி சிங்களத்தில் “லபன மாசே” என்பார். அந்த அடுத்த மாதம் எந்த மாதம் என்று அவருக்கே தெரியாது.

லோகநாதனுக்கும் அதில் ஆத்திரம்தான். நஸாரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் அவன் கூப்பிடுவான். “இங்கெல்லாம் மாசத்துக்கு ஒரே காசுதான் நானா. ராத்திரி பகலா தொறந்தே கெடக்கும், கேக்க ஆளில்ல,” என்று நஸாரிடம் ஒருமுறை சொன்னான். “நம்ம ஊருக்கும் அது வரட்டும். அம்மாகூட நாள் பூரா பேசிக்கிட்டு இருப்பேன்.”

வேலாயி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். நஸார் மற்றக் கடைக்காரர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக் கம்பனிக் கிளைக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் வைத்தபோது, வேலை நாளென்றும் பாராமல் வந்து நின்றாள். கையில் கொடுத்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். தூறல் பெருமழையாகி, கூட்டம் கடையோரங்களில் ஒதுங்கியது. அவள் ஒதுங்கவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா அவளைத் தனியே நிறுத்தினார். “கம்ப்யூட்டருக்குக் கொடி புடிக்கப் போனியாமே? அப்ப அதுலயே போய்க் கொழுந்து பறி.” அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை இல்லை.

இதை நஸாரிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒப்பரேசனுக்குப் போங்கம்மா. மகன்கிட்ட பொறகு சொல்லிக்கலாம்.”

“அது எப்படிங்க? பெத்த புள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்காம போய்ப் படுத்துக்குவேனா? அந்த லைன் வரட்டும்.”

கண்டியில் கொடுத்த தேதி ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நஸார் கிளைக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தார். ஒரு நாள் அதிகாரியின் மேசையில் ஓங்கிக் குத்திவிட்டுப் போலீஸ் வரைக்கும் போய் வந்தார்.

கடைசியில், யாரும் எதிர்பாராத ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்கள் வந்து புதிய லைனைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மாதத்துக்கு ஒரே கட்டணம். ஊரெல்லாம் சொன்ன நஸார், வேலாயிக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. அந்தச் சேதியை அவள் மகன் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலாயி வந்தாள். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பித்தான் மேலே வர முடிந்தது. முகம் பாதியாகியிருந்தது.

“வெளியில பெஞ்சில உக்காருங்கம்மா. லைன் எடுத்துட்டுக் கூப்புடுறேன்.”

நஸார் ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டார். லோகநாதனின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

“தம்பி, நாங்க ஜெயிச்சிட்டோம்,” என்றார் நஸார். “இங்கயும் மாசத்துக்கு ஒரே காசு. இனி எவ்வளவு பேசினாலும் பில் ஏறாது. அம்மாகிட்ட ஒரு சதமும் நான் வாங்கப் போறதில்ல. அவங்களுக்கு இன்னும் தெரியாது, நீங்களே சொல்லுங்க. நெறையப் பேசணும்னு வந்திருக்காங்க. பொழுது சாயுமட்டும் பேசட்டும்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று நஸார் திரையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, அவர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.

“நானா,” லோகநாதன் குரலைத் தாழ்த்தினான். “பழையபடி நிமிசக் கணக்குதான்னு அம்மாகிட்ட சொல்லிருங்க.”