பொன்னுத்தாயி சிரித்த படம்

மாட்டுங்கா ஸ்டூடியோவின் வெள்ளை விளக்கடியில், ஒன்றரை வயதுப் பொன்னுத்தாயி ஸ்டூல்மேல் உட்கார்ந்திருக்கிறாள். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று படம்பிடிப்பவர் கணேசபாண்டியன் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். குழந்தை வெளிச்சத்தில் மிதக்கும் தூசியையே பார்க்கிறது. குழந்தைக்குப் பின்னால் போய்த் தகர டப்பாவை ஓங்கித் தட்டுகிறார். அது அசையவில்லை; தாராவியிலிருந்து வந்திருக்கும் தாய் பேராச்சிதான் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். அவருக்கு என்னமோ போலிருக்கிறது. கைக்கண்ணாடியைச் சாய்த்து, காமிராவின் கறுப்புத் துணிமேல் சத்தமில்லாமல் வெளிச்சத்தை ஓடவிடுகிறார். உடனே குழந்தையின் கண்கள் அதைத் துரத்துகின்றன, முகமெல்லாம் சிரிப்பு. படத்தை எடுத்துவிட்டு மெல்லக் கேட்கிறார்: "ஏ தாயி, வீட்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டா பிள்ள திரும்புதா?"

"கூப்பிடவே வேண்டாம் அண்ணாச்சி," என்கிறாள் பேராச்சி பெருமையாக. "எந்நேரமும் எம்மூஞ்சியத்தான பாத்துக்கிட்டிருப்பா..." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்குகிறது.