கென்டக்கிக்காரி

வாத்தியார் ஜோத்தம் எழுந்தான், முகம் கழுவினான், மாட்டைக் கறந்தான். கறக்கும்போது தலைக்கு மேலிருந்த வைக்கோல் பரணை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலில் மனைவி லெட்டீஷியா நிற்பாள்.

மேசையில் காப்பியும் ரொட்டியும் இருந்தன. ரொட்டி உப்பியிருந்தது. இன்று பல்லுக்கு வேலையில்லை. அவள் திரும்பிய நேரம் பார்த்து இரண்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவை பரணில் இருப்பவளுக்கு. டார்க்கஸ். முந்தாநாள் ராத்திரி ஆற்றைக் கடந்து வந்தவள். அக்கரையில், கென்டக்கியில், ஜோத்தமின் மாமனாருக்குச் சொந்தமான அடிமை.

இக்கரையில், ஒகையோவில் அடிமைகள் கிடையாது. ஓடி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் உண்டு. அகப்பட்டால் அவளைச் சவுக்கால் அடித்துத் தெற்கே விற்றுவிடுவார்கள், ஒளித்தவனுக்குச் சிறை.

லெட்டீஷியாவிடம் அவன் மூச்சு விடவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். அடிமைகள் பேச்சை எடுத்தாலே, "அந்த வீட்டுச் சோத்துல வளந்தவ நான். என்கிட்ட வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வாசலில் குதிரை கனைத்தது. மாமனாரின் கங்காணி டப்ஸ், இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே வந்தான்.

"சின்னம்மா, சௌக்கியமா? டார்க்கஸ் ஓடிட்டா. அவ போனதுலேருந்து யாரு சமைச்சாலும் பெரியவருக்கு வாய்க்குப் பிடிக்கல. எங்க மேல எரிஞ்சு விழறாரு."

"உக்காரு டப்ஸ். முதல்ல சாப்பிடு." தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, சரக்கறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

ஒரு வாய் கடித்தவன் மெல்லுவதை நிறுத்தினான். "அப்படியே நம்ம வீட்டு ரொட்டி."

"அந்த வீட்ல பொறந்தவதானே நான்? பின்ன யாரு வீட்டு ருசி வரும்?"

டப்ஸ் சிரித்தான். பிறகு ஜோத்தமைப் பார்த்தான், சிரிப்பு போய்விட்டது. "வாத்தியாரய்யா மேலதான் ஊர்ல பேச்சு. வீட்ட ஒருதரம் பாத்துட்டா..."

"என் அடுப்படியிலயா தேடப் போற?" லெட்டீஷியாவின் குரல் உயர்ந்தது. "தொழுவத்துல பாரு. பரண்ல. ராத்திரி என்னமோ சத்தம் கேட்டுச்சு."

ஜோத்தம் காப்பியைக் கீழே வைத்தான். டப்ஸ் துப்பாக்கியை உருவிக்கொண்டு வெளியே போனான்.

ஜோத்தம் எழுந்தான். "உங்கப்பன் புத்தி போகுமா? காட்டிக் கொடுத்துட்ட."

"உக்காருங்க. காப்பி ஆறுது."

தொழுவத்தில் ஏணி கிறீச்சிட்டது. அலறல் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை.

தொப்பியெல்லாம் வைக்கோலாக டப்ஸ் தனியாகத் திரும்பி வந்தான். "எலியா இருக்கும், சின்னம்மா." இன்னொரு ரொட்டியை எடுத்துக் கடித்தபடியே குதிரை ஏறினான்.

குளம்புச் சத்தம் ஓய்ந்தது.

"அவ எங்க?" ஜோத்தம் கேட்டான்.

லெட்டீஷியா சரக்கறைக் கதவை விட்டு விலகினாள்.

"ரெண்டு வருஷமா என் ரொட்டியக் கடிச்சுப் பல்லே ஆடிப்போச்சு உங்களுக்கு. இதையும் நான் சுட்டேன்னா நெனச்சீங்க?"