பின்னாலேயே வருகிறவர்

"அய்யய்யோ, செயின் கழண்டு போச்சு! கொஞ்சம் நில்லுங்க மேடம்!"

குரல் கேட்டு இன்ஸ்பெக்டரம்மா சைக்கிளை நிறுத்தினாள். யாரென்று திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. அடிவாரத்திலிருந்தே ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டு பின்னால் வரும் அதே ஆள்தான்.

இன்ஸ்பெக்டரம்மா என்றால் போலீஸ் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கிளெய்ம்களை விசாரிக்கிறவள். எதிரே உட்கார்ந்தவர் வாயைத் திறக்கும்போதே பொய்யை மோப்பம் பிடித்துவிடுவாள் என்று ஆபீசில் வைத்த பெயர். மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டப் பழகும் இந்தப் புதுக் குழுவிலும் அது எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

போன வாரம் பாதி மேட்டில் ஒரு கல்லில் மோதி விழுந்து, அப்படியே வீடு திரும்பிவிட்டாள். மகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"பரவால்லம்மா, சைக்கிள் இருக்கட்டும். ஈரத்துணி காயப்போட நம்ம வீட்டுல ஒரு ஸ்டாண்டு இல்லாமதானே இருந்துச்சு!"

சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு உச்சியைத் தொடாவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். அதைவிடப் பெரிய பயம், எல்லோரும் மேலே போய்க் காத்திருக்க, கடைசி ஆளாகத் தட்டுத்தடுமாறிப் போய் நிற்பது.

நல்ல வேளை, அதற்கு இந்த மனிதர் இருந்தார். தன்னைவிட மட்டமாக ஓட்ட ஒருவர் இருப்பதில் ஒரு நிம்மதி. அது நல்ல குணமில்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் இனித்தது.

"மேடு வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும் சார். பாதி மேட்டுல மாத்தினா செயின் கழலத்தான் செய்யும்," என்றாள். போன வாரம் கோச் அவளுக்குச் சொன்னதுதான்.

"அப்படியா? இது தெரியாமப் போச்சே!" என்று வாயைப் பிளந்தார் அவர்.

அவர் செயினை மாட்டி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது.

அடுத்து அந்தத் திருப்பம். போன வாரம் அவளை மண்ணைக் கவ்வ வைத்த கல், பாதை நடுவே துருத்திக்கொண்டு நின்றது.

"நீங்க முன்னாடி போங்க மேடம். எனக்குக் கல்லைப் பார்த்தாலே கை உதறுது. நீங்க எப்படிப் போறீங்கன்னு பார்த்துட்டு வரேன்."

"கல்லைப் பார்க்காதீங்க சார். அதையே முறைச்சுட்டு இருந்தா சைக்கிள் அது மேலதான் போகும். போக வேண்டிய வழியைப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். சொன்ன வாய்க்காகவாவது வழியைப் பார்க்க வேண்டியிருந்தது.

அட, தாண்டியே விட்டாள்!

பெருமை தாங்கவில்லை. பாவம், அந்த மனிதர் விழுந்து கிடக்கிறாரோ என்று திரும்பினால், அவரும் தாண்டி வந்து நின்றிருந்தார். கை உதறுகிறவர் சத்தமே இல்லாமல் எப்படி வந்தார்?

அப்போதுதான் அவள் மூளைக்குள் ஆபீஸ் திறந்தது. இவருக்குச் செயின் கழல்வது, முதுகு பிடிப்பது, கண்ணில் பூச்சி விழுவது எல்லாம் அவள் திணறும் இடத்தில் மட்டும் ஏன் நடக்கிறது? இத்தனை பேசுகிறாரே, மேட்டில் இவருக்கு மூச்சே வாங்கவில்லையே?

கடைசி ஏற்றம். கால்கள் கெஞ்ச ஆரம்பித்தன.

"ஒரு நிமிஷம் மேடம், ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு," என்று அவர் இறங்கிக் குனிந்தார்.

அவள் பார்த்தாள். அவர் போட்டிருந்தது ஒட்டுப் பட்டை வைத்த ஷூ. லேஸே கிடையாது.

சுரீர் என்றது. ஆள் நடமாட்டம் இல்லாத பாதை. வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு தன் பின்னாலேயே வரும் ஒரு ஆள். பொம்பளை தனியாக வந்தால் போதுமே இவர்களுக்கு! பயமும் கோபமும் சேர்ந்து காலில் இறங்கின. சீட்டை விட்டு எழுந்து மிதித்தாள் பாருங்கள், உச்சியில் போய்த்தான் நின்றாள்.

போட்டோ எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கோச்சாக இருந்த பெண்ணை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அந்த ஆளை முதல்ல குழுவை விட்டு அனுப்புங்க. வாயைத் திறந்தா பொய். வேணும்னே என் பின்னாடியே வர்றார்."

அதற்குள் அவரும் மேலே வந்து சேர்ந்தார்.

"வந்துட்டாருப்பா நம்ம கடைசி பெஞ்சு!" என்று புதிதாகப் பழக வந்த அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுச் சிரித்தார்.

கோச் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க மூக்கு சரியாத்தான் வேலை செய்யுது மேடம். சொல்றது பொய்தான். வேணும்னேதான் வர்றார். இந்தப் பாதையை மண்வெட்டி எடுத்து வெட்டினதே அவர்தான்."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"முதல் தடவை கடைசியா வந்து நிக்கிறவங்க, அடுத்த வாரம் வர்றதே இல்ல மேடம். அதனால கடைசி இடத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்."