சாமி அறை சுவிட்ச்

மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டர் எரிந்தது.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சின்ன வெளிச்சம்தான். டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் நேராகக் கை வைத்திருந்தால், இந்நேரம் விரல் அந்த வயரில் இருந்திருக்கும்.



கூடத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர். அது கூடத்துக்கு மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கரண்ட் போனாலும் சாமி இருட்டில் இருக்கக் கூடாது என்று, இந்த அறைக்கும் ஒரு லைன் இழுத்துவைத்திருக்கிறான் அவள் கணவன். பக்திமான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போய் இன்வெர்ட்டரையும் அணைத்தாள். விசிறி தளர்ந்து நின்றது.

மறுபடி டெஸ்டர்.

எரியவில்லை.

சுவிட்சின் பக்கத்து ஸ்க்ரூவிலும் வைத்துப் பார்த்தாள். அங்கும் எரியவில்லை.

சரி. இனி செருப்பு. வாசலுக்குப் போய்த் தன் ரப்பர் செருப்பைக் கழுவி, பழந்துணியால் ஈரம் போகத் துடைத்து, மாட்டிக்கொண்டு வந்தாள்.

மாமியார் நிலைப்படியில் நின்றிருந்தார்.

“ஏட்டி, செருப்பப் போட்டுட்டா சாமி ரூமுக்குள்ள போற?”

“ஆமா அத்தை. இன்னைக்கு மட்டும்.”

மாமியார் சாமி படங்களைப் பார்த்தார். பிறகு மருமகளின் கால்களைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். போகிற போக்கில் ஏதோ முணுமுணுத்தார். நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த அம்மாளுக்காகத்தான் இத்தனையும்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலை, குளித்த ஈரத்தோடு விளக்கேற்ற வந்தவரை இந்த உடைந்த சுவிட்ச் எதிர்ச் சுவரில் தூக்கி அடித்தது. ஒன்றுமில்லை, கை மரத்துப்போச்சு என்றார். மறுநாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதே சுவிட்சைப் போட்டார்.

முந்தானையும் ஈரம்.

சொன்னால் கேட்கிற ஆளில்லை. எலக்ட்ரீஷியன் சிலுவைமுத்து ஐந்து நாளாக ‘நாளைக்கு’ வருகிறார். கணவன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றான். இன்று ஞாயிற்றுக்கிழமை. முடிவெட்டப் போயிருக்கிறான்.

நாளை விடிகாலை ஐந்தரைக்கு அந்த ஈரக் கை மறுபடி இங்கே வரும். அதற்குள் இதை மாற்றியாக வேண்டும். வேறு யோசனை எதுவும் அவளுக்கு இல்லை.

வயர்கள் இருந்த இருப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பழைய சுவிட்சைக் கழற்றினாள். கருகல் வாடை.

ஒரு வயரின் நுனி கரியாகியிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவினாள். உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முறுக்கி, புது சுவிட்சின் துளையில் நுழைத்து, ஸ்க்ரூவை இறுக்கினாள். மூடியின் ஸ்க்ரூ ஒன்று கை தவறி விழுந்து முருகன் படத்துக்குப் பின்னால் உருண்டது. முருகனை நகர்த்தி எடுத்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. விசிறியைப் போடவா முடியும்?

இன்னும் ஒரு வயர்.

அதை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தியபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மெயினைத் தொடாதே என்று அவனிடம் சொல்லவில்லை. பெட்டியில் ஒரு சீட்டுகூட எழுதி ஒட்டவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் இதைக் கோட்டை விட்டிருந்தாள்.

கரண்ட் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தால் அவன் என்ன செய்வான் என்று பதினொரு வருஷமாக அவளுக்குத் தெரியும். சட்டையைக்கூடக் கழற்றமாட்டான். யாரையும் எதுவும் கேட்கமாட்டான். நேரே மெயின் பெட்டிக்குப் போய்க் கைப்பிடியைத் தூக்குவான்.

“என்ன இது, இன்வெர்ட்டரும் போச்சா?”

காலடி கூடத்தைக் கடந்தது. பெட்டிப் பக்கம் போனது.

வயரை விட வேண்டும். விரல் விடவில்லை. கத்த வேண்டும். குரல் வரவில்லை.

“கைய எடுல!”

மாமியார். அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை.

“உள்ள எம் மருமவ வயரப் பிடிச்சிட்டு நிக்கா. இதத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்.”

காலடி பின்னுக்கு நகர்ந்தது.

அவள் மூச்சு விட்டாள். கண் நிறைந்து ஸ்க்ரூ இரண்டாகத் தெரிந்தது. அழ இது நேரமில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு வயரை நுழைத்தாள். இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மூடியைப் பொருத்தினாள்.

அறைக்குள் நின்றபடியே கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

கழுத்தெல்லாம் முடித் துணுக்கோடு கணவன் சுவரோரம் ஒதுங்கி நின்றான். மாமியார் மெயின் பெட்டியை ஒட்டி நின்றார். இறக்கிவைத்த கைப்பிடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். எப்போதிருந்து அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

“முடிஞ்சிருச்சு அத்தை. மெயினப் போடச் சொல்லுங்க.”

அந்தக் கைகள் அசையவில்லை.

“நீ மொதல்ல வெளிய வா.”