தையற்கடையில் இரண்டாவது டிஸ்க்

தையற்கடைக் கம்ப்யூட்டரின் மூடி கழன்று, வெட்டும் மேசையில் கத்தரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பழைய டிஸ்க்கின் கீழே புது டிஸ்க் ஒன்றை மருமகன் மாட்டிக்கொண்டிருக்கிறார். பெரியவர் கழுத்து டேப்பைப் பிடித்தபடி அவர் கையையே பார்க்கிறார். ஊராரின் இடுப்பும் தோளும் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கின்றன. மருமகன் பேச்சை நம்பி அளவு நோட்டுகளை எடைக்குப் போட்டாயிற்று. இனி எதையும் நம்புவதாக இல்லை. கழற்றிவைக்கிற ஒவ்வொன்றையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டியிருக்கிறார். மருமகன் சுவிட்சைத் தட்டுகிறார். பெட்டி விர்ரென்கிறது. டிஸ்க்கே இல்லை என்கிறது கறுப்புத் திரை.

“ஊரையே முழுங்கிட்டீங்களே மாப்பிளே.”

“இல்ல மாமா. புதுசுலேருந்து அரிசி அளவுல ஒரு கறுப்புத் துண்டு கழட்டினேன். அதைப் பழசுல சொருகினாத்தான் எது மூத்ததுன்னு மெஷினுக்குப் புரியும். இங்கதான் வெச்சேன், காணோம்.”

மருமகன் மண்டியிட்டுத் துணி வெட்டுகளைக் கிளறுகிறார். பெரியவரின் கை பொத்தானை மெல்ல அவிழ்க்கிறது. பிறகு அவரும் முனகிக்கொண்டே குனிந்து, மேசைக்கடியில் கையை விடுகிறார்.

“கண்ணை எங்க வெச்சிருக்கீங்க மாப்பிளே? இதோ இங்கதானே கிடக்கு.”

திறந்த பையிலிருந்து திருகாணிகள் ஒவ்வொன்றாய் மருமகன் முன்னால் உதிர்கின்றன.